கருவிக்குப் பிறந்த எண்

தேவதானப்பட்டியில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் போனில் இணையம் பார்த்தால், வெளியே அத்தனை பேரும் ஒரே ஐபி முகவரியாகத் தெரியக்கூடும். முகவரிகள் பற்றாததால் மொபைல் நிறுவனங்கள் ஒன்றையே பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன.

இந்தப் பற்றாக்குறை பிறப்பிலேயே வந்தது. 1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 791 என்ற ஆவணம், ஐபி முகவரிக்கு 32 பிட் நீளம் என்று வகுத்தது. மொத்தமே சுமார் 430 கோடி எண்கள். அனுப்பிய தகவல் உரிய கருவிக்குப் போய்ச் சேர வேண்டும், நோக்கம் அவ்வளவுதான். கருவியின் முன்னால் இருப்பவர் யார் என்ற கேள்வியே அதில் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது காவல்துறை. 2004-ல் எழும்பூர் நீதிமன்றம், இணையத்தில் ஒரு பெண்ணை இழிவுபடுத்தியவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் தண்டனை கொடுத்தது. அந்த வழக்கில் பிரவுசிங் சென்டர்காரர்களும் சாட்சி சொன்னார்கள். சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஐபி முகவரி கடை வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். 2011-ல் வந்த விதிகள் பிரவுசிங் சென்டர் நோட்டில் பெயர், விலாசம், போன் நம்பர், அடையாள அட்டை விவரம், எந்தக் கம்ப்யூட்டர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் எல்லாவற்றையும் எழுதச் சொன்னன. கருவியும் ஆளும் ஒரே வரியில் சேர்ந்தது அங்கேதான்.

எண்ணையும் ஆளையும் சேர்ப்பதில் தவறினால் என்ன ஆகும்? 2007-ல் ஆர்க்குட் தளத்தில் சிவாஜி மன்னரை இழிவுபடுத்தும் படம் வந்தது. இணைய நிறுவனம் ஐபி முகவரிக்குரியவர் என்று தவறான ஆளைக் காட்டியது. புனே போலீஸ் பெங்களூரு வந்து அந்த இளைஞரைப் பிடித்துச் சென்றது. செய்யாத குற்றத்துக்கு 50 நாள் சிறை. ஓர் எண்ணை ஒரு மனிதரின் தலையில் கட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஐரோப்பாவில் ஐபி முகவரிப் பிரச்சினையை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனவர் ஜெர்மனியின் பாட்ரிக் பிரேயர். அரசு இணையதளங்கள் தன் ஐபி முகவரியைச் சேமித்து வைக்கக் கூடாது என்று வழக்குப் போட்டார். 2016 அக்டோபர் 19-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அடிக்கடி மாறும் முகவரியானாலும், இணைய நிறுவனத்திடம் உள்ள விவரத்தைச் சட்டப்படி பெற்று ஆளைக் கண்டுபிடிக்க வழி இருந்தால், அது தனிப்பட்ட தரவுதான்.

நம் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளம் காண உதவும் தரவெல்லாம் தனிப்பட்ட தரவு என்கிறது. ஐபி முகவரி என்று பெயர் சொல்லவில்லை. அந்த வரையறைக்குள் இது அடங்கும் என்பதே என் உறுதியான கருத்து. ஆனாலும் நிறுவனங்கள் நழுவ இடம் வைக்காமல், அரசு அதை விதியிலேயே எழுதிவிட வேண்டும். அதுவரை, உங்கள் ஐபி முகவரி என்று சொல்லி யாராவது விசாரிக்க வந்தால், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த போர்ட் எண் (ஒரே முகவரியைப் பங்கிடுபவர்களைப் பிரித்துக் காட்டும் எண்) என்று கேளுங்கள். பலர் பங்கிடும் முகவரியில் இந்த மூன்றும் இல்லாமல் யாரையும் கைகாட்ட முடியாது.