பாபநாசத்தில் பிரியும் இரு வழிகள்

புன்னைக்காயலில் தாமிரபரணி கடலோடு சேர்கிறது. பொதிகையிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடிவந்த ஆறு. ஸ்ரீவைகுண்டத்துக் கடைசி அணைக்கட்டையும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களையும் தாண்டி வந்த மிச்சத் தண்ணீர்தான் அங்கே வந்து சேர்கிறது. மலையில் இருந்தபோது அதற்கு இருந்த வேகம் இப்போது இல்லை. அதில் பெரும்பங்கைப் பாபநாசத்திலேயே இறக்கிவைத்துவிட்டது. அங்கிருந்து தண்ணீர் ஆற்று வழியே வந்தது. அதன் ஆற்றல் கம்பி வழியே கிளம்பியது. தண்ணீர் வந்த கதையை நெல்லைச் சீமையில் எல்லோரும் சொல்வார்கள். ஆற்றல் வந்த கதையையும் சொல்ல வேண்டும்.

1880-களில் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை வைக்கப் பாபநாசத்து மலையடிவாரத்தைத் தேடிப் போனதற்குக் காரணம் அங்குள்ள நீர்வீழ்ச்சி. விழும் நீரின் விசையை விழுகிற இடத்திலேயே பிடித்து, தண்டாலும் பெல்ட்டாலும் எந்திரங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். நூற்ற நூல் தூத்துக்குடி போகலாம், கப்பல் ஏறலாம். விசை அந்த ஆலைச் சுவரைத் தாண்டாது. 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியபோது இந்தக் கட்டு அறுந்தது. அறுத்தது மின்காந்தம்.

கம்பியில் மின்னோட்டம் போனால் பக்கத்திலுள்ள திசைகாட்டி முள் அசைகிறது என்று 1820-ல் ஓர்ஸ்டெட் கண்டார். ஐந்தாண்டுக்குள் வில்லியம் ஸ்டர்ஜன் என்ற ஆங்கிலேயர், லாடம்போல வளைத்த இரும்பில் செம்புக் கம்பியைச் சுற்றி மின்னோட்டம் பாய்ச்சினார். சுமார் 200 கிராம் இரும்பு நான்கு கிலோ எடையைத் தூக்கி நின்றது. ஓட்டத்தை நிறுத்தியதும் எடை விழுந்தது. கம்பிச்சுருள் உண்டாக்கும் புலம் சிறிதுதான். இரும்புக்குள் ஏற்கெனவே நுண்ணிய காந்தப் பகுதிகள் திசைக்கொன்றாகக் கிடக்கின்றன. சுருளின் புலம் அவற்றை ஒரே திசைக்குத் திருப்பிவிடுகிறது. வலிமை பல நூறு மடங்கு ஏறுவது அதனால்தான்.

பாபநாசத்தில் தண்ணீர் சுழற்றும் டர்பைனோடு சேர்ந்து சுழலும் ரோட்டாரில் இருப்பவை இப்படிப்பட்ட மின்காந்தங்களே. அவற்றைச் சுற்றி அசையாமல் நிற்கிறது ஸ்டேட்டார், செம்புச் சுருள்களோடு. மாறும் காந்தப்புலம் சுருளில் மின்னழுத்தத்தை எழுப்பும் என்பது 1831-ல் ஃபாரடே கண்டது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், பள்ளிப் பாடத்தில் இது நழுவிவிடுகிறது: காந்தம் தன் கையிலிருந்து எதையும் கொடுப்பதில்லை. ஊரில் விளக்குகள் எரியத் தொடங்கியதும் ஸ்டேட்டாரில் மின்னோட்டம் பாய்கிறது, அது தனக்கென ஒரு புலத்தை உண்டாக்கி ரோட்டாரைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த இழுப்பை மீறிச் சுழற்ற வேண்டியது தண்ணீர். ஊர் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு தண்ணீர் திறக்க வேண்டும்.

ரோட்டாரும் ஸ்டேட்டாரும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே வெறும் காற்று. அந்தச் சின்ன இடைவெளியைத்தான் ஆற்றின் ஆற்றல் கடக்கிறது. வெறும் இடம் என்று நாம் நினைப்பது வெறுமையாக இல்லை. ஒரு டெஸ்லா வலிமையுள்ள புலத்தில் ஒரு லிட்டர் காற்றிடத்துக்குள் ஏறத்தாழ 400 ஜூல் தங்கியிருக்கிறது. 40 கிலோ உப்பு மூட்டையை ஒரு மீட்டர் உயரம் தூக்க அது போதும். விசிறியை நிறுத்தும்போது சில சமயம் சுவிட்சுக்குள் பளிச்சென்று ஒரு பொறி தெறிக்கிறதே, சுருளின் புலத்தில் இருந்த ஆற்றல் வெளியேறுவதுதான் அது.

பிறகு டிரான்ஸ்பார்மர். அங்கும் இரண்டு சுருள்கள், ஓர் இரும்புச் சட்டம், தொடாமலே கைமாற்றம். மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு ஏற்றினால் கம்பியில் வெப்பமாக வீணாவது நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. கம்பிக்குள் எலக்ட்ரான்கள் பாபநாசத்திலிருந்து புறப்பட்டு வருவதில்லை. இருந்த இடத்திலேயே நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் அசைகின்றன. ஆற்றல் வருவது கம்பியைச் சுற்றியுள்ள மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்த வெளியில் என்று 1884-ல் பாய்ன்டிங் காட்டினார். கம்பி அதற்கு வழிகாட்டி. ஆற்றுத் தண்ணீருக்கு நாள்கணக்கில் ஆகும் தூரம், இதற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகூட இல்லை.

வழியில் மற்றவையும் வந்து கலக்கின்றன. தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979 முதல் நிலக்கரியின் ஆற்றலைத் தருகிறது. அதன் ரோட்டாருக்கு இரண்டே துருவங்கள், நிமிடத்துக்கு 3000 சுற்று. நீர்மின் எந்திரம் மெதுவாகச் சுற்றும், ஆகவே துருவங்கள் அதிகம். இரண்டும் ஒரே தாளத்தில் நொடிக்கு 50 சுழற்சி தருகின்றன. எந்த விளக்கில் எரிவது ஆறு, எதில் எரிவது நிலக்கரி என்று பிரிக்க முடியாது.

புன்னைக்காயல் வீட்டு விசிறியில் இதே கதை திரும்பி ஓடுகிறது: மின்னோட்டம் சுருள்களைக் காந்தமாக்க, புலம் சுழல, விசிறியின் ரோட்டார் அதன் பின்னே ஓடுகிறது. அந்த ஆற்றல் காற்றாகி, கடைசியில் அறை வெப்பமாகிறது.

அந்த ஆற்றலில் ஒரு துளி மட்டும் கடலுக்குப் போகிறது, படகின் பேட்டரியில் ஏறி. அங்கே அது அலையாகக் கிளம்பும்; ஊர்க் கம்பியில் அப்படியல்ல. 50 சுழற்சி மின்சாரத்தின் அலைநீளம் 6000 கிலோமீட்டர். அதனால் ஊர்க் கம்பியிலிருந்து ஆற்றல் அலையாகக் கிளம்புவது இல்லையென்றே சொல்லலாம். சுருளின் புலத்தில் சேர்ந்தது மறுகணம் சுருளுக்கே திரும்பிவிடும். படகிலுள்ள வி.எச்.எப். வயர்லெஸ்ஸில் அவசர அழைப்புக்குரிய 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆன்டெனாவின் அளவும் அதற்கு ஒத்த அளவுதான். அவ்வளவு வேகமாகப் புலம் மாறும்போது ஒரு பங்கு திரும்பாமல், ஆன்டெனாவை விட்டு நீங்கிப் போய்விடுகிறது. மாக்ஸ்வெல் கணக்கில் கண்டு, ஹெர்ட்ஸ் 1887-88-ல் செய்துகாட்டிய அலை இதுவே. அடுத்த படகின் ஆன்டெனாவில் அது மெலிந்த மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்தப் படகின் வயர்லெஸ் தன் பேட்டரியின் ஆற்றலால் அதைப் பெருக்கிக் கொடுக்க, ஸ்பீக்கரில் காந்தத்தின் முன்னே ஒரு சின்னச் செம்புச் சுருள் அதிர்கிறது. "எண்ணே, அங்க காத்து எப்படி இருக்கு?" என்று கேட்ட கேள்வி அந்தப் படகில் கேட்கிறது.