பன்னாட்டு நிறுவனங்களின் மின்னஞ்சல் வழங்கிகள்: இடத் தேர்வின் வரலாறு

பல நாடுகளில் அலுவலகங்கள் கொண்ட நிறுவனம் மின்னஞ்சல் வசதியைத் திட்டமிடும்போது, அஞ்சல்களைச் சேமிக்கும் வழங்கி எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது முக்கியமான கேள்வியாகும். இதற்கான விடையைத் தொடக்கத்தில் இணைப்பின் வேகமும் செலவும் தீர்மானித்தன. பிற்காலத்தில் சட்டமும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

தொடக்க காலம்

1982 ஆகஸ்ட்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 என்னும் ஆவணம், எஸ்.எம்.டி.பி. எனப்படும் எளிய அஞ்சல் பரிமாற்ற நெறிமுறையை வரையறுத்தது. இம்முறையில் எதிர்முனை வழங்கி கிடைக்காவிட்டால், அனுப்பும் வழங்கி அஞ்சலை வரிசையில் வைத்து மீண்டும் முயலும்.

1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆர்.எஃப்.சி. 974, எம்.எக்ஸ். பதிவுகளின் பயன்பாட்டை விளக்கியது. ஓர் ஆள்களப் பெயருக்கு வரும் அஞ்சலை எந்த வழங்கிகள் ஏற்கும் என்பதை இப்பதிவுகள் காட்டுகின்றன. குறைந்த எண் கொண்ட வழங்கிக்கு முன்னுரிமை உண்டு. அது செயலிழந்தால் அடுத்த வழங்கி அஞ்சலை ஏற்கும். இதனால் முதன்மை வழங்கியை ஒரு நாட்டிலும் மாற்று வழங்கியை வேறொரு நாட்டிலும் அமைக்க முடிந்தது.

கிளைதோறும் வழங்கி

1990களில் நாடுகளுக்கிடையிலான இணைப்புகள் மெதுவானவை, செலவு மிக்கவை. எனவே பல நிறுவனங்கள் ஒவ்வொரு பெரிய அலுவலகத்திலும் ஒரு வழங்கியை நிறுவின. ஓர் அலுவலகத்தின் உள் அஞ்சல் கடல் கடந்து சென்று திரும்ப வேண்டியதில்லை என்பது இதன் நன்மை. ஆனால் பராமரிப்பாளரும் காப்புப்படியும் ஒவ்வோர் இடத்திலும் தேவைப்பட்டன. 1996இல் வெளியான மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் 4.0, விரைவான இணைப்புள்ள வழங்கிகளை ஒரே தளமாகத் தொகுக்கும் அமைப்பைக் கொண்டிருந்தது. பின்னர் இணைப்புகள் மலிவானதும், வழங்கிகள் சில பெரிய தரவு மையங்களுக்கு நகர்ந்தன.

டப்ளின் வழக்கு

மைக்ரோசாப்ட் நிறுவனம், பயனர் தாம் குறிப்பிட்ட நாட்டுக்கு அருகிலுள்ள தரவு மையத்தில் அவருடைய அஞ்சல்களைச் சேமித்துவந்தது. தாமதத்தைக் குறைப்பதே இதன் நோக்கம். 2013 டிசம்பரில், போதைப்பொருள் வழக்கொன்றில் ஒரு கணக்கின் அஞ்சல்களைத் தருமாறு நியூயார்க் நீதிமன்றம் ஆணையிட்டது. அஞ்சல்களின் உள்ளடக்கம் அயர்லாந்தின் டப்ளினில் இருந்ததால் நிறுவனம் மறுத்தது. 2016 ஜூலை 14 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்திற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போதே, 2018 மார்ச் 23 அன்று கிளவுட் சட்டம் இயற்றப்பட்டது. அமெரிக்கச் சட்ட வரம்புக்கு உட்பட்ட சேவை நிறுவனம், தன் கட்டுப்பாட்டில் உள்ள தரவு எந்த நாட்டில் இருந்தாலும், முறையான ஆணைக்கு இணங்கி அதைத் தர வேண்டும் என்கிறது இச்சட்டம். ஏப்ரல் 17 அன்று வழக்கு முடித்துவைக்கப்பட்டது.

விளைவு

2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, தனிநபர் தரவை ஒன்றியத்துக்கு வெளியே அனுப்ப நிபந்தனைகள் விதிக்கிறது. ஆகவே இரு சட்டங்களும் ஒரே அஞ்சல்பெட்டியின் மீது மோதக்கூடும். வழங்கி இருக்கும் நாட்டோடு, அதை நடத்தும் நிறுவனம் எந்நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டது என்பதையும் இன்றைய திட்டமிடலில் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.