போராட்டத்தில் திரண்டவர்கள் ஆயிரமாயிரம், கிடைத்த வாக்குகள் 15,314: கன்னியாகுமரியில் சுப. உதயகுமார் தோற்றது எப்படி?

2014 ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் தமிழகம் கவனித்த வேட்பாளர்களில் ஒருவர் சுப. உதயகுமார். கூடங்குளம் அணு உலைக்கு எதிரான மக்கள் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் என்ற வகையில் நாடு முழுவதும் அறியப்பட்டவர். ஆம் ஆத்மி கட்சியின் சார்பில், துடைப்பம் சின்னத்தில், கன்னியாகுமரி தொகுதியில் போட்டியிட்டார். மே 16 அன்று வாக்குகள் எண்ணப்பட்டபோது அவருக்குக் கிடைத்தவை 15,314. வைப்புத் தொகையும் பறிபோனது.

மக்களுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒருவரை மக்கள் ஏன் தேர்ந்தெடுக்கவில்லை? தோல்விக்குப் பிறகு இரண்டு பதில்களே அதிகம் கேட்டன. "மக்கள் நன்றி மறந்தவர்கள்" என்பது ஒன்று. "அவருக்கு உண்மையில் செல்வாக்கே இல்லை" என்பது மற்றொன்று. இரண்டும் அவசர முடிவுகள். நம் சமுதாயத்திலும் சேவையாளர்களும் போராளிகளும் தேர்தலில் நிற்பது பற்றி யோசிக்கும் காலம் இது. ஆகவே இந்தத் தேர்தலைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

யார் இந்த உதயகுமார்?

நாகர்கோவிலில் 1959 இல் பிறந்தவர். எத்தியோப்பியாவில் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் அமெரிக்கா சென்று, ஹவாய் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். ஊர் திரும்பி, அணுசக்திக்கு எதிரான மக்கள் இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளராகச் செயல்பட்டார்.

கூடங்குளம் திட்டத்துக்கான ஒப்பந்தம் 1988 இல் ராஜீவ் காந்தி பிரதமராகவும் கோர்பச்சேவ் சோவியத் தலைவராகவும் இருந்தபோது கையெழுத்தானது. அதற்கு எதிரான குரலும் அப்போதே எழுந்தது. சோவியத் யூனியன் கலைந்ததால் திட்டம் கிடப்பில் விழுந்தது. பிறகு உயிர் பெற்று, 2002 இல் கட்டுமானம் தொடங்கியது. தலா 1,000 மெகாவாட் திறன் கொண்ட இரண்டு உலைகள் எழுந்தன. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்துக்குள்ளானதும், உலைக்கு மிக அருகே வாழும் மீனவ மக்களின் அச்சம் பல மடங்கானது. அதே ஆண்டு ஆகஸ்டில் இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகத்தில் தொடர் போராட்டம் தொடங்கியது.

மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்த வேண்டும் என்று 2011 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவில் இடைத்தேர்தலின் வாக்குப்பதிவு நடந்தது. மறுநாளே, மார்ச் 19 அன்று, அதே அமைச்சரவை உலையைத் திறக்கலாம் என்று முடிவெடுத்தது. 2012 செப்டம்பரில் மக்கள் கடற்கரை வழியாக உலையை முற்றுகையிடச் சென்றபோது காவல்துறை கண்ணீர்ப் புகை வீசித் தடியடி நடத்தியது. அன்று மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகம் உள்ளிட்ட பிரிவுகளில் வழக்குகள் பதிவாயின.

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலை இயங்கத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது. அமைதி திரும்பும் பொருட்டு, போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறியது. அவ்வாண்டு ஜூலையில் முதல் உலை செயல்படத் தொடங்கியது. அக்டோபரில் மின்சாரம் கட்டமைப்பில் சேர்ந்தது.

அதாவது, உதயகுமார் தேர்தலுக்கு வந்தபோது போராட்டத்தின் முதன்மையான கோரிக்கை நீதிமன்றத்திலும் அரசிடமும் தோற்றிருந்தது. மக்கள் தங்கள் மீதான வழக்குகளோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ஏன் ஆம் ஆத்மி?

2013 டிசம்பரில் டெல்லி சட்டமன்றத் தேர்தலில் 28 இடங்களை வென்று, புதிதாகப் பிறந்த ஒரு கட்சி ஆட்சி அமைத்தது. அந்த ஆட்சி 49 நாட்களில் முடிந்தாலும், இயக்கங்களில் இருந்தவர்களுக்கு அது பெரும் நம்பிக்கையைத் தந்தது. நர்மதை அணைப் போராட்டத்தின் மேதா பட்கர் மும்பை வடகிழக்கிலும், பழங்குடி உரிமைக்காகச் சிறை சென்ற சோனி சோரி சத்தீஸ்கரின் பஸ்தரிலும் அக்கட்சியின் வேட்பாளர்களானார்கள். இடிந்தகரைப் போராட்டத்தில் உதயகுமாருடன் நின்ற மை.பா. ஜேசுராஜ் திருநெல்வேலியிலும், புஷ்பராயன் தூத்துக்குடியிலும் களமிறங்கினார்கள்.

கூடங்குளத்தைப் பொறுத்தவரை பெரிய கட்சிகள் எவையும் போராடிய மக்கள் பக்கம் உறுதியாக நிற்கவில்லை. உலையைத் திறப்பதில் முனைப்பாக இருந்தது மத்தியில் ஆண்ட காங்கிரஸ். அனுமதித்தது மாநிலத்தில் ஆண்ட அ.தி.மு.க. பா.ஜ.க.வும் அணுசக்திக்கு ஆதரவான கட்சியே. ஆகவே, தங்கள் பிரச்சினையைத் தாங்களே நாடாளுமன்றத்துக்கு எடுத்துச் செல்வது என்ற முடிவில் நியாயம் இருந்தது.

வேட்புமனுவோடு தாக்கல் செய்த உறுதிமொழிப் பத்திரத்தில் உதயகுமார் தன் மீதான வழக்குகள் 382 என்று கணக்குக் காட்டினார். அவ்வளவும் போராட்டம் தொடர்பானவை. ஆனால் "குற்ற வழக்குகள் அதிகமுள்ள வேட்பாளர்" என்ற பட்டியலில் அவர் பெயர் முதலிடத்தில் வந்தது. ஊழலுக்கும் கொலைக்கும் வழக்கு வாங்கியவரையும், மக்களுக்காக வழக்கு வாங்கியவரையும் அந்தப் பட்டியல் ஒரே வரிசையில் வைத்தது.

போராட்டம் ஒரு தொகுதியில், போட்டி இன்னொன்றில்

செய்தி வாசிப்பவர்கள் பலர் கவனிக்காத ஒரு விவரம் உண்டு. இடிந்தகரையும் கூடங்குளமும் திருநெல்வேலி மாவட்டத்தின் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் இருக்கின்றன. ராதாபுரம், திருநெல்வேலி நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. உதயகுமார் போட்டியிட்டது தன் சொந்த ஊர் அமைந்த கன்னியாகுமரி தொகுதியில். கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் கொண்டது அது.

மூன்று ஆண்டுகள் அவரோடு பந்தலில் அமர்ந்த இடிந்தகரைப் பெண்களில் ஒருவர்கூட அவருக்கு வாக்களிக்க முடியாது. குமரிக் கடற்கரையிலும் உலை பற்றிய அச்சம் இருந்தது உண்மை. ஆனால் தொகுதியின் உட்பகுதியில் ரப்பர்த் தோட்டக்காரருக்கும், தக்கலை வியாபாரிக்கும், நாகர்கோவில் அரசு ஊழியருக்கும் அது அன்றாடப் பிரச்சினை அல்ல. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் தமிழகம் கடுமையான மின்வெட்டில் தவித்தது. உலை வந்தால் மின்சாரம் வரும் என்று நம்பியவர்களும் ஏராளம்.

வாக்குகள் சொல்லும் கணக்கு

கன்னியாகுமரியில் ஏப்ரல் 24 அன்று வாக்குப்பதிவு நடந்தது. முடிவுகள்:

பொன். இராதாகிருஷ்ணன் (பா.ஜ.க.): 3,72,906
எச். வசந்தகுமார் (காங்கிரஸ்): 2,44,244
ஜான் தங்கம் (அ.தி.மு.க.): 1,76,239
ராஜரத்தினம் (தி.மு.க.): 1,17,933
பெல்லார்மின் (மார்க்சிஸ்ட்): 35,284
சுப. உதயகுமார் (ஆம் ஆத்மி): 15,314

பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவர் வைப்புத் தொகையை இழப்பார் என்பது சட்டம். நாடாளுமன்றத் தேர்தலில் பொதுப் பிரிவினருக்கு அத்தொகை 25,000 ரூபாய். இங்கே அதைக் காப்பாற்ற ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் தேவைப்பட்டன. தி.மு.க. வேட்பாளரே அந்த எல்லையைத் தொடவில்லை. ஆகவே, "டெபாசிட் போய்விட்டது" என்பதை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடுவது சரியல்ல.

அடுத்து, இத்தகைய வேட்பாளர்கள் மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு: "வாக்கைப் பிரித்துவிட்டார்." இதையும் கணக்கைக் கொண்டே சோதிக்கலாம். வெற்றி வித்தியாசம் 1,28,662. உதயகுமாரின் வாக்குகள் அத்தனையும் காங்கிரசுக்குப் போயிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. மறுபுறம், காங்கிரஸ், தி.மு.க., மார்க்சிஸ்ட் ஆகிய மூன்றின் வாக்குகளைக் கூட்டினால் 3,97,461 வருகிறது. அது வென்றவரின் வாக்குகளை விட அதிகம். பிரிந்து நின்றவை பெரிய கட்சிகள். அவை சேர்ந்து நின்றிருந்தால் ஒவ்வொரு வாக்கும் அப்படியே வந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாதுதான். ஆனால் 2019 இல் தி.மு.க. கூட்டணியின் காங்கிரஸ் வேட்பாளராக நின்ற அதே வசந்தகுமார் அதே தொகுதியில் வென்றார்.

சிறுபான்மையினரின் நெருக்கடி

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி குமரி மாவட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழச் சம அளவில் வாழ்கிறார்கள். முஸ்லிம்கள் நூற்றுக்கு நான்கு பேர். 1982 மண்டைக்காடு கலவரத்தின் நினைவு இன்னும் மறையாத மண் அது. 2014 இல் நரேந்திர மோடி பிரதமர் வேட்பாளராக நின்ற சூழலில், சிறுபான்மை வாக்காளர் முன் இருந்த முதல் கேள்வி "நமக்காக உழைத்தவர் யார்?" என்பதாக இல்லை. "வெல்லக்கூடியவர் யார்? யார் வந்தால் நமக்கு ஆபத்து?" என்பதாகவே இருந்தது.

இது நன்றி மறத்தல் அல்ல. ஒரே ஒரு வாக்கை வைத்திருப்பவர் அதைப் பாதுகாப்புக்குச் செலவிடுவதா, மனச்சாட்சிக்குச் செலவிடுவதா என்ற தவிப்பு. அதிக வாக்கு பெற்றவர் ஒருவரே வெல்லும் நமது தேர்தல் முறையில், இந்தத் தவிப்பு சிறிய வேட்பாளர்களை எப்போதும் பாதிக்கும். உதயகுமாரைப் பாராட்டிக்கொண்டே வேறொருவருக்கு வாக்களித்த ஒருவரை நாம் குறை சொல்ல முடியாது.

மற்றவர்களின் நிலை

மும்பை வடகிழக்கில் மேதா பட்கர் 76,451 வாக்குகள் பெற்றார். வென்ற கிரித் சோமையா பெற்றவை 5,25,285. முஸ்லிம்களும் ஏழைகளும் நெருக்கமாக வாழும் மான்குர்ட் சிவாஜி நகர் அந்தத் தொகுதியில்தான் இருக்கிறது. அங்கே குடிசைகள் இடிக்கப்பட்டபோது மக்களோடு நின்றவர் மேதா. அவருக்கும் வைப்புத் தொகை மிஞ்சவில்லை. பஸ்தரில் சோனி சோரி தோற்றார். நாடு முழுவதும் 400க்கும் மேற்பட்ட இடங்களில் நின்ற ஆம் ஆத்மி, பஞ்சாபில் மட்டும் 4 இடங்களை வென்றது. 2017 இல் மணிப்பூர் சட்டமன்றத் தேர்தலில், 16 ஆண்டுகள் உண்ணாநிலை இருந்த இரோம் ஷர்மிளாவுக்குக் கிடைத்தவை 90 வாக்குகள்.

உதயகுமார் 2014 இறுதிக்குள் ஆம் ஆத்மியிலிருந்து விலகினார். அணுசக்தி பற்றி அக்கட்சி தெளிவான நிலை எடுக்கவில்லை என்பது அவரது குறை. பின்னர் பச்சைத் தமிழகம் கட்சியைத் தொடங்கி, 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில், அதாவது போராட்டம் நடந்த அதே தொகுதியில் நின்றார். அங்கும் வெல்லவில்லை. அந்தத் தொகுதியில் அ.தி.மு.க. தி.மு.க.வை வென்றது வெறும் 49 வாக்குகளில். தொகுதி எல்லை ஒரு காரணம். அது மட்டுமே காரணமல்ல என்பதை இது காட்டுகிறது.

நாம் கவனிக்க வேண்டியவை

முதலாவது, போராட்டமும் தேர்தலும் வேறு வேறு அளவுகோல் கொண்டவை. போராட்டத்தில் ஐந்து ஊர்கள் உறுதியாக நின்றால் அரசே பதில் சொல்ல வேண்டியிருக்கும். நாடாளுமன்றத் தேர்தலில் ஐந்து ஊர்கள் முழுமையாக வாக்களித்தாலும் அது ஒரு மூலைதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள், ஒவ்வொன்றிலும் முகவர், வீடு வீடாகச் செல்ல ஆட்கள், 2014 இல் 70 லட்சம் ரூபாய் வரை செலவழிக்கச் சட்டமே அனுமதித்த போட்டியாளர்கள் என எதிரே நிற்கும் கட்டமைப்பு மிகப் பெரியது. தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு கட்சியில் சேர்ந்து அதை ஈடுகட்ட முடியாது.

இரண்டாவது, நம்மில் போட்டியிட விரும்பும் சேவையாளர்கள் முதலில் தொகுதி வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டும். நம் பணியால் பயன்பெற்றவர்கள் எந்த எல்லைக்குள் வாக்காளர்களாக இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஒரு வார்டில் 200 வாக்குகள் வெற்றியைத் தீர்மானிக்கலாம். ஊராட்சியும் நகராட்சியும் அத்தகையவர்களுக்குப் பொருத்தமான தொடக்கம்.

மூன்றாவது, ஒரே பிரச்சினையைச் சொல்லி வாக்குக் கேட்பவர், அந்தப் பிரச்சினை இல்லாத வீட்டுக்கும் சொல்ல ஒரு செய்தி வைத்திருக்க வேண்டும். ரேஷன், சாலை, குடிநீர், மீன்பிடித் துறைமுகம், ரப்பர் விலை என எல்லாமே வாக்காளரின் வாழ்க்கைதான்.

நான்காவது, ஜமாஅத்துகளுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும். நமக்காக வழக்குச் சுமப்பவருக்கு வாக்கு ஒன்றே கைம்மாறு என்று நினைக்க வேண்டாம். வழக்குச் செலவுக்கு உதவலாம். வழக்கறிஞர் ஏற்பாடு செய்யலாம். நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினரிடம் அவருடைய கோரிக்கையை எடுத்துச் சென்று பதில் வாங்கலாம். வெல்லக்கூடியவர் என்று ஒருவருக்கு வாக்களித்தால், உழைத்தவரின் கோரிக்கையை அவரிடம் வலியுறுத்தும் பொறுப்பும் நம்மைச் சேர்கிறது. அந்த அமானிதத்தைத் தேர்தல் முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறோம் என்பதே நம் குறை.

15,314 பேர் வெல்ல மாட்டார் என்று தெரிந்தே ஒருவருக்கு வாக்களித்தார்கள். மற்றவர்கள் வேறு கவலைகளோடு வேறு பொத்தானை அழுத்தினார்கள். இரு தரப்பும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்விகள் அப்படியே இருக்கின்றன. இடிந்தகரை மக்கள் மீதான வழக்குகள் முழுமையாக முடிந்தனவா? அணுக்கழிவு எங்கே வைக்கப்படும்? கடலோர மக்களின் அச்சத்துக்கு யார் பதில் சொல்வார்? வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் நாம் இவற்றைக் கேட்டாக வேண்டும்.