எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள்: சென்னையின் உள்ளாட்சிக் கதை

சென்னை குடிக்கும் தண்ணீர் பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகளிலிருந்து வருகிறது. எல்லாம் மாநகராட்சிக்கு வெளியே உள்ளவை. நகரத்தின் குப்பையோ பல்லாண்டுகளாகப் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கொட்டப்பட்டது. 2011 வரை பெருங்குடி தனிப் பேரூராட்சி. பக்கத்து ஊரிடம் தண்ணீரை வாங்கிக்கொண்டு குப்பையைக் கொடுப்பதா ஒத்துழைப்பு?

குப்பைக்குப் பிறகு மனிதர்களை அனுப்பினார்கள். 2000 முதல் கூவம், அடையாறு கரைகளிலும் கால்வாயோரங்களிலும் வாழ்ந்த நம் மக்கள் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் ஏற்றிச் செல்லப்பட்டனர். இவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கண்ணகி நகர் அமைந்த ஒக்கியம் துரைப்பாக்கம் அன்று ஒரு கிராம ஊராட்சி. வீடு கட்டியது குடிசை மாற்று வாரியம். வேலை இருந்தது நகரத்தில். தெருவிளக்குக்கும் குப்பைக்கும் ஊராட்சியைக் கேட்க வேண்டும். பொறுப்பு பல கைகளில் சிதறியபோது, யாரிடம் முறையிடுவது என்பதே நமக்குப் போராட்டமானது.

2011இல் 42 உள்ளாட்சிகள் சென்னையோடு இணைக்கப்பட்டன. 174 சதுர கிலோமீட்டர் மாநகராட்சி 426 ஆனது. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் உள்ளே வந்தன. பெரும்பாக்கம் வெளியே நின்றது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் அனுப்பப்பட்டது அந்தப் பெரும்பாக்கத்துக்குத்தான். எல்லைக்கோடு நகர்ந்தது, நாமும் கோட்டுக்கு வெளியே நகர்த்தப்பட்டோம்.

ஆக, இணைப்பு மட்டுமே தீர்வாகாது. இன்று ஆவடியும் தாம்பரமும் தனி மாநகராட்சிகள். அவற்றைச் சுற்றிலும் ஊராட்சிகள். இவை சேர்ந்து திட்டமிட வழி உண்டு. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசமைப்புத் திருத்தம் கொண்டுவந்த பிரிவு 243ZE, பெருநகரத் திட்டக் குழு அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதோரை நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தண்ணீர்ப் பங்கீடும் பொது உள்கட்டமைப்பும் அக்குழு கவனிக்க வேண்டியவை. ஆனால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குத் தலைவராக இருப்பவர் மாநில அமைச்சர்.

பணத்தையும் பகிரலாம். அமெரிக்காவின் மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியில் 1971இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, வணிக, தொழில் சொத்து வரித் தளத்தின் புதிய வளர்ச்சியில் 40 விழுக்காடு பொதுத் தொகுப்புக்குப் போகிறது. வரித் தளம் குறைந்த ஊருக்கு அதிலிருந்து அதிகப் பங்கு. இங்கே பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களைத் துடைப்பவர்கள் வாழும் ஊருக்கு, அக்கட்டடங்களின் வரியில் பங்கு கேட்பது நியாயம்தானே?

உள்ளாட்சி என்றாலே நன்மை என்று நாம் நம்பிவிடவில்லை. 1948இல் அரசமைப்பு அவையில் கிராமத்தைப் புகழ மறுத்தவர் பாபாசாகேப். சாதி ஆளும் ஊராட்சிகள் கூடினால் சாதியும் கூடத்தான் செய்யும். அதனால்தான் இடஒதுக்கீட்டால் வென்ற நம் உறுப்பினர்கள் அக்குழுவில் உட்கார வேண்டும். 2022இல் சென்னை மேயர் பதவிக்குத் தலித் பெண் ஒருவர் வந்தது இடஒதுக்கீட்டால்தான்.

தோழர்களே, உங்கள் பகுதியின் உள்ளாட்சி எது, அதன் வரி எங்கே போகிறது, பக்கத்து உள்ளாட்சி உங்களுக்கு எதை அனுப்புகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்களை அவ்வளவு எளிதில் கோட்டுக்கு வெளியே தள்ள முடியாது.

ஜெய் பீம்!