கரை: விளிம்பும் பக்கமும்

மாமல்லபுரத்தின் 'ஷோர் டெம்பிள்' தமிழில் கடற்கரைக் கோயில் எனவும், சென்னையிலிருந்து தெற்கே செல்லும் 'ஈஸ்ட் கோஸ்ட் ரோடு' கிழக்குக் கடற்கரைச் சாலை எனவும் வழங்குவதால், ஆங்கிலம் வேறுபடுத்தும் இரு பொருள்களையும் தமிழில் 'கரை' என்னும் ஒரு சொல்லே தாங்குவது புலனாகும். 'ஷோர்' என்பது நீரும் நிலமும் தொட்டுக்கொள்ளும் விளிம்பு. கடலுக்கும் ஏரிக்கும் பொருந்தும் அச்சொல்லை வெட்டுதலைக் குறிக்கும் பழைய ஜெர்மானிய வேரோடு இணைப்பர். 'கோஸ்ட்' என்பதோ விலா எலும்பையும் பக்கத்தையும் குறித்த 'கோஸ்டா' என்னும் லத்தீன் சொல்லின் வழிவந்து, கடலை ஒட்டிக் கிடக்கும் நிலப்பகுதியைச் சுட்டுவது.

இவ்விரு பொருளும் 'கரை' என்னும் சொல்லுக்குள் பழமையாகவே உள்ளன என்பதற்கு, இன்று கடலைத் தொடாத அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களே சான்றாகின்றன. தேவாரப் பாடல் பெற்ற சோழநாட்டுத் தலங்களைக் காவிரியின் வடகரைத் தலங்கள் 63 எனவும், தென்கரைத் தலங்கள் 127 எனவும் பகுக்கும் மரபில், அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடியும் கீழப்பழுவூரும் வடகரையைச் சேர்ந்தவை. திருமழபாடி காவிரியின் விளிம்பில் இல்லை. அதன் கிளையாறாகிய கொள்ளிடத்தின் வடபுறத்தில் உள்ளது. கீழப்பழுவூரோ கொள்ளிடத்தையும் விட்டு வடக்கே பல கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. ஆகவே, இங்கு 'கரை' என்பது கால் நனையும் ஓரமன்று, ஆற்றின் ஒரு பக்கத்து நாடு. 'கோஸ்டா' குறித்த 'பக்கம்' என்னும் கருத்தும் இதுவே.

விளிம்பைக் குறிக்கும்போது இச்சொல் நீரைக் கடந்து வேட்டி, சேலைகளின் ஓரத்துக்கும் ஆகிவருகிறது. அவ்விளிம்பு மனிதர் எழுப்பியதாகவும் இருக்கலாம். முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகில் அமைத்த சோழகங்கம், அதாவது இன்றைய பொன்னேரி, சுமார் 16 மைல் நீளமுள்ள கரையால் நீரைத் தேக்கியது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. அத்தகைய மண்மேட்டுக்கு இந்திய ஆங்கிலம் பாரசீக வழிவந்த 'பண்ட்' என்னும் சொல்லைக் கடன் வாங்க, தமிழுக்கோ 'ஏரிக்கரை' என்பதே போதுமாயிற்று.

ஆயினும், ஒரே சொல் போதாமற்போகும் இடமும் இந்நிலத்திலேயே உள்ளது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த, 18 மீட்டருக்கும் மேல் நீண்ட கல்மரம், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படுகிறது. கிரெட்டேசியக் காலத்தில் கடல் உட்புகுந்து அவ்வூருக்கும் மேற்கே பரவியிருந்ததால், நிலத்தில் வளர்ந்த மரம் நீரில் அடித்து வரப்பட்டு, கடலடி வண்டலில் புதைந்து கல்லாயிற்று. இதனை 'மரம் கரையில் வளர்ந்தது. கரை மேற்கே நகர்ந்தது' என எழுதினால், முதற்கரை நிலப்பகுதியையும் அடுத்த கரை விளிம்பையும் குறிப்பதை வாசகர் ஊகித்தே அறிய வேண்டும். எனவே, அறிவியல் தமிழில் விளிம்பைக் 'கரைக்கோடு' எனவும், அதை ஒட்டிய நிலத்தைக் 'கடலோரம்' எனவும் பிரித்தெழுதுவது தெளிவு தரும். காவிரிக்கு இத்தகைய பிரிப்பு தேவைப்படவில்லை; ஏனெனில், 'வட', 'தென்' என்னும் திசையடைகளே அங்கு விளிம்பைப் பக்கமாக்கிவிட்டன.