குருவும் சீடனும்

தந்தி வருகிறது. படித்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். பழைய நாவல்களில் ஒருவரைத் தீர்த்துக்கட்ட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. நானும் இரண்டொருவரை அப்படி அனுப்பியிருக்கிறேன். டாக்டர் நண்பர்கள் கேலி செய்ததுண்டு. ஜான் ஹண்டரின் சரித்திரத்தைப் படித்த பிறகு அந்தக் கேலி எனக்கு உறைப்பதில்லை.

ஹண்டர் லண்டனில் பேர்போன சர்ஜன். மகா முன்கோபி. கோபம் வந்தால் மார்வலியும் கூடவே வரும். தம் உயிர், தம்மைச் சீண்டத் துணிந்த எந்தப் போக்கிரியின் கையிலும் இருக்கிறது என்று அவரே சொல்வாராம்.

அவருடைய சீடர் எட்வர்ட் ஜென்னர். 1796-ல் அம்மை குத்திக் காட்டினாரே, அவர்தான். மார்வலியில் இறந்த ஒருவரின் இருதயத்தை அவர் அறுத்துக்கொண்டிருந்தபோது கத்தி எதிலோ நறநறவென்று பட்டது. கூரைக் காரை உதிர்ந்து விழுந்ததோ என்று அண்ணாந்து பார்த்தார். காரை அல்ல, இருதயத்துக்கே ரத்தம் ஊட்டும் குழாய்கள் எலும்பாக இறுகியிருந்தன! குருவின் நோயும் இதுவே என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

ஆனால் அதை வெளியிடவில்லை. எழுதினால் குரு படிப்பார். பரிகாரமில்லாத வியாதி என்று அறிந்து நொந்துபோவார். ஒரு கண்டுபிடிப்பின் பெருமையை இப்படி மடியில் முடிந்துகொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்? மறைத்தது சரியா என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிவித்திருந்தாலும் ஹண்டர் கோபத்தை விட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை.

கோபத்தில் நாடி துடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இருதயம் கூடுதல் ரத்தம் கேட்கிறது. குறுகிய குழாய் கொடுக்க மறுக்கிறது. குழாயில் அடைப்பே இல்லாமல், துக்கத்தாலோ அதிர்ச்சியாலோ இருதயம் உப்பித் தளர்வதும் உண்டு. 1990-ல் அதை விவரித்த ஜப்பானியர் 'தாகோத்சுபோ' என்று பெயரிட்டார்கள்; ஆக்டோபஸ் பிடிக்கும் பானை என்று அர்த்தம். அதில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள், என் பாத்திரங்களைப் போல் அல்லாமல்.

ஹண்டர் பிழைக்கவில்லை. 1793 அக்டோபர் 16. செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி நிர்வாகக் கூட்டத்தில், இரண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்வது பற்றி வாதாடினார். ஒருவர் மறுத்துப் பேசினார். ஹண்டர் பதில் சொல்லாமல் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்; முனகினார்; விழுந்தார். வயது 65.

பிரேதத்தைப் பரிசோதித்ததில் குழாய்கள் இறுகியிருந்தன. மைத்துனர் எவரார்ட் ஹோம் உடனே ஜென்னருக்குக் கடிதம் எழுதினார்: அவர் நினைத்ததே சரி என்று.