முடிவு யார் கையில்?

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். "அப்படியென்றால் அதில் என்ன சிரமம், ஐயா?" என ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வினவினான். சிரமமே அங்குதான் தொடங்குகிறது. யார் வெல்ல வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? இவ்வினாவிற்குத் தெளிவான விடை காணாமலேயே மறைந்த ஒரு நிறுவனத்தின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இயங்கிய டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனம் 1988-இல் தொலைக்காட்சித் தொழிலதிபர் டெட் டர்னரின் குழுமத்திற்கு உரியதாயிற்று. 1995 செப்டம்பரில், எரிக் பிஷாஃப் பொறுப்பில் தொடங்கிய அதன் 'நைட்ரோ' நிகழ்ச்சி, வின்ஸ் மெக்மேகனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனம் வழங்கிய 'ரா' நிகழ்ச்சியோடு திங்கள் இரவுகளில் நேருக்கு நேர் மோதியது. 1996 ஜூலை 7-ஆம் நாள், புளோரிடா மாநிலத்தின் டேடோனா பீச் நகரில், பல்லாண்டுகள் நாயகனாகப் போற்றப்பட்ட ஹல்க் ஹோகன் வில்லனாக மாறினார். அத்துணிவு வீண்போகவில்லை. 83 வாரங்கள் தொடர்ந்து 'நைட்ரோ'வே முந்தி நின்றது.

வில்லனை உருவாக்கியவர்கள் அவனை வீழ்த்தவும் வேண்டுமல்லவா? அதற்காக ஸ்டிங் என்னும் வீரர், முகத்தில் வெள்ளைச் சாயம் பூசி, ஓராண்டுக்கும் மேலாக அரங்கின் கூரையிலிருந்து மௌனமாக நோக்கி நின்றார். 1997 டிசம்பர் 28-இல் இருவரும் மோதினர். நடுவர் ஹோகனுக்குச் சாதகமாக விரைந்து எண்ணுவார். அந்த அநீதி திருத்தப்பட்டு ஸ்டிங் வெல்வார் என்பதே கதை. ஆனால், நடுவரோ இயல்பான வேகத்திலேயே எண்ணினார். ஹோகன் நேர்மையாக வென்றது போலவே மக்களுக்குத் தோன்றிற்று. பட்டம் ஸ்டிங்கிற்குக் கிடைத்தும், ஓராண்டுக் காத்திருப்பு சுவையிழந்தது. அது எவருடைய பிழை என்பதில் சம்பந்தப்பட்டோர் பின்னாளிலும் உடன்படவில்லை.

1999 ஜனவரி 4-இல் நிலைமை மேலும் மோசமடைந்தது. ஹோகன் ஒரு விரலால் மார்பைத் தொட, வெற்றிவீரர் கெவின் நேஷ் தாமே மல்லாந்து விழுந்து பட்டத்தைக் கொடுத்தார். மோதலைக் காண வந்தோர் ஏமாற்றப்பட்டனர்.

ஹோகனின் ஒப்பந்தத்திலோ, தம் போட்டிகளின் முடிவைத் தாமே ஏற்கவும் மறுக்கவும் உரிமை இருந்தது. 2000 ஜூலை 9-இல், அதே டேடோனா பீச்சில் அவ்வுரிமையை அவர் வலியுறுத்த, எதிராளி ஜெஃப் ஜாரட் போரிடாமலேயே படுத்துக்கொண்டார். கதைப் பொறுப்பாளர் வின்ஸ் ரூசோ பின்னர் மேடையேறி ஹோகனைப் பழித்துரைத்தார். ஹோகன் வழக்குத் தொடுத்தார். அந்நிறுவனத்தின் மேடைக்கு அவர் மீளவேயில்லை.

2001 மார்ச்சில் அந்நிறுவனத்தை மெக்மேகனே விலைக்கு வாங்கினார். கதைக் குழப்பம் மட்டுமே அவ்வீழ்ச்சிக்குக் காரணமன்று. ஏஓஎல் டைம் வார்னர் இணைப்பிற்குப் பின் வந்த தொலைக்காட்சி நிருவாகம் மல்யுத்த ஒளிபரப்பையே கைவிட்டது. எனினும், மக்கள் முன்பே விலகியிராவிடில் அம்முடிவு அத்துணை எளிதாக இருந்திராது.

மெக்மேகனும் தவறான கதைகளைத் தந்தவரே. ஆயினும், அங்கு இறுதிச் சொல் அவருடையதாக இருந்தது. ஒரு கதை பிழைத்தால் மாற்ற வேண்டியவர் யார் என்பதும் தெளிவாக இருந்தது. டபிள்யூ.சி.டபிள்யூ.வில் ஆற்றல்மிக்க வீரர்களுக்கோ பணத்திற்கோ பஞ்சமில்லை. நடிகருக்கு "மாட்டேன்" எனச் சொல்லும் உரிமை இருந்தது. "இதுவே முடிவு" என உறுதியாகச் சொல்லி நிலைநாட்டும் ஒருவர்தாம் அங்கு இல்லை.